சுத்துது... ஆனா கழலல!

உங்க ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருப்பான் பாஸ். எந்த ரூம்ல எந்த கம்ப்யூட்டர் படுத்தாலும், 'தள்ளு தள்ளு... நான் பாக்குறேன்'னு ஒரு ஸ்க்ரூ டிரைவரோட வந்து நிப்பானே, அவன்! எங்க ஹாஸ்டல்ல அந்தப் பட்டம் எனக்கு. யாரும் கொடுக்கல, நானே எடுத்துக்கிட்டேன்.

பட்டம் கிழிஞ்சது ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. கிழிச்சது அரை இன்ச்கூட நீளம் இல்லாத ஒரு ஸ்க்ரூ!

எங்க ரூம்மேட்டுக்கு சொந்த ஊர் தூத்துக்குடி. அதனால அவன் பேரு 'உப்பு'. நிஜப் பேரு அட்டென்டன்ஸ்ல மட்டும்தான் இருக்கு. அவங்கப்பா உப்பளத்துல கணக்குப் பாக்குறவர். ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கி, கடலுக்குப் பக்கத்துல இருக்குற அவங்க வீட்டு ஜன்னலோரமா அஞ்சு வருஷம் வெச்சிருந்தாங்க. முதல்ல அக்கா படிச்சாங்க, அப்புறம் இவன். போன வருஷம் அதைப் போர்வையில சுத்தி, ரயில்ல ஏத்தி இங்கே கொண்டுவந்தான். எல்லாரும் லேப்டாப்பைத் தட்டிக்கிட்டு இருக்கும்போது இவன் மட்டும் ஒரு கறுப்புப் பெட்டியோட குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தான்.

அந்த ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு பெட்டி செத்துப்போச்சு. பவர் பட்டனை அமுக்குனா ஃபேன்கூட சுத்தல. மறுநாள் காலையில பத்தரைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ! மூணு பேர் சேர்ந்து மூணு மாசமா எழுதின கோட் மொத்தமும் உள்ளே இருக்குற ஹார்டு டிஸ்க்லதான் இருக்கு. 'வேற எங்கேயும் காப்பி இல்லையாடா?'ன்னு கேட்டேன். உப்பு என்னைப் பாக்காம சுவரைப் பாத்தான். புரிஞ்சுபோச்சு.

"இதுக்குப் போய் ஏன்டா மூஞ்சியைத் தூக்கிவெச்சுக்கிற? போயிருக்கிறது எஸ்.எம்.பி.எஸ்.தான். ஹார்டு டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கழட்டுறோம், மேல் மாடி சீனியர் கம்ப்யூட்டர்ல சொருகுறோம், காப்பி பண்றோம். அரை மணி நேர வேலை!" அப்படின்னேன். இந்த வசனத்தை ஞாபகம் வெச்சுக்கங்க.

கேபினட் சைடு மூடிக்குப் பின்பக்கம் ரெண்டு ஸ்க்ரூ. மேல் ஸ்க்ரூ சமத்தா வந்துடுச்சு. கீழ் ஸ்க்ரூ... அசையல. தலை ஓரத்துல காவி கலர்ல துரு. உப்புக் காத்து தன் வேலையைக் காட்டியிருக்கு. இந்த ஸ்க்ரூ எல்லாம் இரும்பு, மேலே மெலிசா துத்தநாகப் பூச்சு. உப்பு கலந்த ஈரம் அந்தப் பூச்சைத் தின்னு முடிச்சதும் இரும்புல கைவைக்கும். இரும்பு துருவா மாறும்போது அது அடைச்சுக்கிற இடம் அதிகம். மரைக்கும் மரைக்கும் நடுவுல இருக்குற முடி அளவு இடைவெளியில துரு ஊதி உக்காந்துக்கும். ஆப்பு அடிச்ச மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

இதெல்லாம் இன்னிக்கு சொல்றேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம், 'இன்னும் பலமா சுத்து'ங்கறது மட்டும்தான்.

என்கிட்ட இருந்தது மொபைல் ரிப்பேர் கிட்ல வந்த குட்டி ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். நாம 'ஸ்டார்'னு கூப்பிடற அந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூவுக்கு நிஜப் பேரு பிலிப்ஸ். பல்பு கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவுல போர்ட்லேண்ட் ஊர்க்காரர் ஹென்றி பிலிப்ஸ், 1936-ல பேடன்ட் வாங்கினது. அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட கேடிலாக் கார்ல இதை மாட்டினாங்க. அந்தக் கூட்டல் குறியில சைஸ் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? பி.ஹெச்-0, பி.ஹெச்-1, பி.ஹெச்-2ன்னு போகும். கேபினட் ஸ்க்ரூவுக்கு பி.ஹெச்-2 வேணும். நான் உள்ளே விட்டது அதைவிடச் சின்னது. 'உள்ளே போகுதுல்ல, அப்புறம் என்ன?'ன்னு நினைச்சேன். அண்ணன் சட்டை தம்பிக்குள்ள போகும். அதுக்காகப் பொருத்தமா இருக்குன்னு அர்த்தமா?

பிலிப்ஸ் பள்ளத்துல இன்னொரு குணம் உண்டு. அதோட சுவர் செங்குத்தா இருக்காது, அடியில குறுகிக்கிட்டே போகும். அதனால நீங்க எவ்வளவு பலமாத் திருகுறீங்களோ, அவ்வளவு பலமா டிரைவரை அது மேலே தள்ளும். சுத்தற கைக்கு ஈடா அமுக்கற கையும் வேலை செய்யலேன்னா, டிரைவர் 'கிர்ர்ர்'னு வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் பள்ளத்தோட முனைகளை வழிச்சு எடுக்கும். நான் ஏழெட்டு 'கிர்ர்ர்' விட்டேன். பாத்தா, கூட்டல் குறி இருந்த இடத்துல ஒரு வட்டக் குழி! பளபளன்னு. அழகா.

இதுல கூத்து என்னன்னா, பாதி நேரம் நான் கழட்டவே இல்ல. இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன்! கேபினட்டுக்கு முன்னாடி உக்காந்து, கையைப் பின்பக்கமா வளைச்சு, பாக்காமலேயே திருகினேன். ஸ்க்ரூ தலையை நேருக்கு நேர் பாத்தா, கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம் சுத்தினாதான் கழலும். முன்னாடி உக்காந்து பின்னாடி கைவிட்டா, நமக்கு இடதுபக்கம் சுத்தற மாதிரி தோணும், ஸ்க்ரூவுக்கு அது வலது. அதைக் கண்டுபிடிச்சது, பக்கத்து ரூம்ல இருந்து வேடிக்கை பாக்க வந்த சிவில் டிபார்ட்மென்ட் பையன். 'மச்சி, நீ டைட் பண்ணிட்டு இருக்கே'ன்னு அவன் சொன்னப்போ மணி பத்தரை. உப்பு என்னைப் பாத்த பார்வை இருக்கே... ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன் பாஸ்.

செய்தி பரவிடுச்சு. ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.

முதல் வைத்தியம் ரப்பர் பேண்ட். குழியில அகலமான ரப்பர் பேண்டை வெச்சு, அது மேல டிரைவரை அமுக்கிச் சுத்தறது. இதைக் கேலி பண்ணாதீங்க, நிஜமாவே வேலை செய்யும். பள்ளம் கொஞ்சமா மட்டும் வழிஞ்சிருந்தா, அந்த இடைவெளியை ரப்பர் அடைச்சுப் பிடிமானம் கொடுக்கும். ஆனா, துருப்பிடிச்சு உக்காந்திருக்கிறதை அசைக்கிற பலம் ரப்பருக்குக் கிடையாது. பிஞ்சுபோச்சு.

ரெண்டாவது, தேங்காய் எண்ணெய். கொடுத்தவன் கேரளா பார்டர் பக்கம். அது மரைக்குள்ள இறங்கற ஜாதி இல்ல, தலைக்கு மேல நிக்கிற ஜாதி. ரூம் பூரா வாசனை வந்ததுதான் லாபம்.

மூணாவது, சூப்பர் க்ளூ. டிரைவரை ஸ்க்ரூ தலையிலேயே ஒட்டிக் காயவிட்டுத் திருகறதாம். எண்ணெய் தடவின இடத்துல பசை எங்கே ஒட்டும்? என் விரலும் விரலும் ஒட்டிக்கிட்டதுதான் மிச்சம்.

நாலாவதா ஒருத்தன் ஹேக்ஸா பிளேடு கொண்டுவந்தான். ஸ்க்ரூ தலையில நேர்கோடா ஒரு வெட்டு போட்டு, தட்டை டிரைவரால கழட்டற ஐடியா. இதுவும் ஊரறிஞ்ச வைத்தியம்தான். ஆனா அறுத்தா இரும்புத் தூள் கொட்டும். பின்பக்கம் முழுக்க ஓட்டை. உள்ளே மதர்போர்டு. ஒரு தூள் போய் ரெண்டு காலுக்கு நடுவுல படுத்தா, அடுத்த தடவை கரன்ட் கொடுக்கும்போது ஷார்ட்! வெளியில டேப் ஒட்டி மூடிட்டு, தூள் விழாத மாதிரி கேபினட்டைச் சாய்ச்சு வெச்சுப் பண்றவங்க உண்டு. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒட்டின விரல்களோட இருக்கிறவன் அதைப் பண்ணக்கூடாது.

அஞ்சாவது ஆளு சுத்தியலோட வந்தான். எனக்கு உடனே 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து கான்ட்ராக்டர் நேசமணி ஞாபகம் வந்துட்டார். பைக் மெக்கானிக் கடையில பாத்திருப்பீங்க, அடிச்சா அடியைச் சுத்தலா மாத்தற இம்பாக்ட் டிரைவர்னு ஒண்ணு. இன்ஜின் கவர் ஸ்க்ரூவுக்கு அதுதான் ராஜா. ஆனா இங்கே உள்ளே இருக்கிறது வட்டத்தகடு சுத்தற பழைய ஹார்டு டிஸ்க். மூணு மாச உழைப்பைக் காப்பாத்தறேன்னு அதையே சுத்தியலால தட்டறதா? "ஒருத்தனும் கைவைக்கக்கூடாது"ன்னு உப்பு எழுந்து நின்னுட்டான். அன்னிக்கு ராத்திரி அவன் பேசினது அவ்வளவுதான். அப்புறம் கட்டில்ல படுத்து, விடிய விடிய சீலிங் ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தான். எனக்கும் தூக்கம் வரல. கெடுத்தது நான்தானே? சும்மா இருந்திருந்தா, காலையில எவனாவது சரியான டிரைவரால ஒழுங்கா கழட்டியிருப்பான். கழட்டறதுக்கு வழியே இல்லாம பண்ணிட்டு, ரூம்ல எல்லாரும் 'விடுடா, பாத்துக்கலாம்'னு சொல்றது இருக்கே... அது இன்னும் எரியும்.

காலையில ஏழே முக்காலுக்கு, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, பெட்டியை மெக்கானிக்கல் ஒர்க் ஷாப்புக்குத் தூக்கிட்டுப் போனோம். நான் எலெக்ட்ரானிக்ஸ். முதல் வருஷத்துல ஃபிட்டிங் பிராக்டிகலுக்கு போனதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்தது இல்ல. அங்கே லேப் அண்ணா ஒருத்தர். நம்ம அப்பா வயசு, ஆனா எல்லாருக்கும் அண்ணாதான். எட்டு மணிக்கு பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து லேத்தைத் துடைச்சுக்கிட்டு இருப்பார்.

கதையைச் சொன்னோம். அவர் ஸ்க்ரூவைப் பாக்கல, முதல்ல எங்களைப் பாத்தார். "கரன்ட் ஒயரைப் பிடுங்கியாச்சா?" பிடுங்கியாச்சு. "பிடுங்கின பிறகு பவர் பட்டனை ஒருதடவை அமுக்கினீங்களா?" அது தெரியாது. மிச்சம் மீதி இருக்கிற சார்ஜ் வடியறதுக்காம். அப்படியே அமுக்கினாலும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் பிரிக்கக்கூடாது, அதுக்குள்ள கெப்பாசிட்டர் இருக்குன்னு ஒரு அதட்டல்.

அப்புறம் அவர் பண்ணின முதல் காரியம், கேபினட்டைப் படுக்கப்போட்டது. முன்பக்கம் தரையைப் பாத்து, பின்பக்கம் கூரையைப் பாத்து, அடியில ஒரு பழைய சாக்கு. இப்போ ஸ்க்ரூ நேரா மேலே பாத்துக்கிட்டு இருக்கு! "எதைக் கழட்டுறதா இருந்தாலும், அது உன்னைப் பாக்கணும் தம்பி. அப்பதான் உடம்பு வெயிட்டை மேல போட்டு அமுக்க முடியும். கையாலயே எல்லாத்தையும் பண்ண முடியாது." ராத்திரி முழுக்க நான் தரையில ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணினதை நினைச்சுக்கிட்டேன்.

தேங்காய் எண்ணெயைத் துணியால துடைச்சார். துரு கழட்டற ஸ்ப்ரேயை நேரா அடிக்கல. மூடியில கொஞ்சம் அடிச்சு, காது குடைற பஞ்சுக் குச்சியால தொட்டு, ஸ்க்ரூ ஓரத்துல ஒரே ஒரு சொட்டு. "போர்டு மேல வழிஞ்சா யார் பதில் சொல்றது?" அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். மணி எட்டே கால். எங்களுக்கு வயித்துல புளி கரைக்குது. அவர் சாவகாசமா இருபது நிமிஷம் கழிச்சு வந்தார். அந்த எண்ணெய் துருவுக்குள்ள ஊர்ந்து இறங்க அந்த நேரம் வேணுமாம். நேரம் கொடுக்காம அடிச்சா, ஸ்ப்ரே வெறும் வாசனைதானாம்.

(நடுவுல ஒரு ஜெனரல் நாலெட்ஜ்: உலகம் பூரா நீல, மஞ்சள் டப்பாவுல விக்கிற டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரேவோட பேருக்கு அர்த்தம், தண்ணியை விரட்டும் திரவம், 40-வது முயற்சி! 1953-ல சான் டியாகோவுல ஏவுகணைக்குத் துருப் பிடிக்காம இருக்க உருவாக்கினது. முப்பத்தொன்பது தடவை சொதப்பினவங்க, பேர்லயே அதை எழுதிவெச்சிருக்காங்க.)

வந்தவர், "இப்போ ஸ்க்ரூவை நல்லாப் பாரு. என்ன தெரியுது?"ன்னார்.

"பள்ளம் வழிஞ்சுபோச்சுண்ணா."

"பள்ளத்தை விடு. வெளிப்பக்கம்?"

குனிஞ்சு பாத்தேன் பாஸ். தலையோட வெளி ஓரம் வட்டம் இல்ல. ஆறு பக்கம்! போல்ட் மாதிரி அறுகோணம்! ராத்திரி ஒன்பதுல இருந்து அந்த ஸ்க்ரூவை முறைச்சுக்கிட்டு இருக்கேன். நடுவுல இருக்கிற குழியை மட்டும்தான் பாத்திருக்கேன். அதுக்கு ஒரு வெளிப்பக்கம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல.

கேபினட் ஸ்க்ரூ நிறைய இப்படித்தான் இருக்கும்னார் அண்ணா. கூட்டல் குறியும் உண்டு, ஆறு பக்கமும் உண்டு. அந்த அறுகோணம் பெரும்பாலும் கால் இன்ச். அதாவது 6.35 மில்லிமீட்டர். ஆறாம் நம்பர் ஸ்பேனர் உள்ளே போகாது, ஏழாம் நம்பர் லொடலொடன்னு ஆடி மூலையை வழிச்சிடும். "சரியான கால் இன்ச் வேணும். உன் கையிலயே இருக்கு பாரு"ன்னார்.

என் கையில இருந்தது, ராத்திரி சிவில்காரன்கிட்ட கடன் வாங்கின பிட் மாத்தற ஸ்க்ரூ டிரைவர். அண்ணா அதை வாங்கி, முனையில இருந்த பிட்டைப் பிடுங்கித் தூரப் போட்டார். வெறும் கைப்பிடி. அதோட வாய்ல, பிட் சொருகற ஓட்டை. அதுவும் அறுகோணம். அதுவும் கால் இன்ச்!

அப்படியே ஸ்க்ரூ தலைமேல கவுத்தார். 'டக்'னு உக்காந்தது, மூடி போட்ட மாதிரி.

அப்புறமும் உடனே கழட்டல. முதல்ல வலதுபக்கம், இறுக்கற பக்கமா, துளியூண்டு ஒரு அசைவு. துரு ஒட்டினது விட்டுப்போகணும்னா எந்தப் பக்கமா இருந்தாலும் முதல் அசைவுதான் முக்கியமாம். 'கீச்'னு ஒரு சத்தம். உப்பு கண்ணை மூடிக்கிட்டான். அப்புறம் இடதுபக்கம் கால் சுத்து. திரும்ப வலது. மறுபடி இடது, அரை சுத்து. காவித் தூள் மெதுவா மேலே வருது. நாலாவது தடவை, வெண்ணெயில திருகற மாதிரி சுத்தி வந்துடுச்சு. உள்ளங்கையில வெச்சுப் பாத்தா, துருப்பிடிச்சிருந்தது முதல் ரெண்டு மரை மட்டும்தான். தகடு அவ்வளவுதான் கனம். ரெண்டு மரை எங்களைப் பதினோரு மணி நேரத்துக்கு மேல ஆட்டிவெச்சிருக்கு!

மூடியைத் தள்ளினதுக்கப்புறம் எல்லாம் மளமளன்னு. ஹார்டு டிஸ்க்கோட நாலு ஸ்க்ரூவையும் பி.ஹெச்-2 போட்டு, அமுக்கிப் பிடிச்சு நானே கழட்டினேன். அண்ணா பக்கத்துல நின்னு பாத்தார். ஒரு 'கிர்ர்'கூட இல்ல. கழட்டினதை ஜோபில போட்டப்போ மட்டும் ஒரு தட்டு தட்டினார். "கலக்காதே! எதை எங்கே கழட்டினியோ, அதை அங்கேயே வை."

அதுக்கும் காரணம் உண்டு. கம்ப்யூட்டருக்குள்ள பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ஜாதி ஸ்க்ரூ சுத்துது. ஒண்ணு 6-32ன்னு இன்ச் கணக்கு, குறுக்களவு 3.5 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 32 மரை. கேபினட் மூடிக்கும், பெரிய ஹார்டு டிஸ்க்குக்கும் இது. இன்னொண்ணு எம்-3, குறுக்களவு 3 மில்லிமீட்டர், மரை ரொம்ப நெருக்கம். டி.வி.டி. டிரைவுக்கும், சின்ன சைஸ் எஸ்.எஸ்.டி.க்கும் இது. எம்-3யைப் பெரிய ஓட்டையில போட்டா பிடிமானம் இல்லாம ஆடும். 6-32வை எம்-3 ஓட்டையில பலவந்தமா ஏத்தினா, மரையை அறுத்துக்கிட்டுப் போய் நட்டநடுவுல சிக்கிக்கும். துருவே இல்லாம ஜாம் ஆகற ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இப்படி இடம் மாறிப்போன பிள்ளைங்கதான். 'மரை கழண்டவன்'னு நம்ம ஊர்ல சும்மா சொல்லல.

ஒன்பதரைக்கு சீனியர் ரூம். கேபிளைச் சொருகினோம். டிஸ்க் சுத்தற அந்த 'ஊய்ங்' சத்தத்தை நான் அதுக்கு முன்னாடி அவ்வளவு உன்னிப்பாக் கேட்டதே இல்ல. ஃபோல்டர் தெரிஞ்சது. உப்பு முதல்ல ப்ராஜெக்ட் ஃபோல்டரைப் பென் டிரைவ்ல போட்டான். அப்புறம் அதையே சீனியரோட கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி. அப்புறம் என் லேப்டாப்லயும். யாரும் எதுவும் சொல்லல, அவனும் சொல்லல. பத்து இருபத்தஞ்சுக்கு ரிவ்யூ ஹாலுக்கு ஓடினாங்க.

ரிவ்யூவுல 'டேட்டாபேஸ் டிசைன் சரியில்ல, மாத்திட்டு வாங்க'ன்னு ஒரு குட்டு. ஆனாலும் டெமோ ஓடுச்சு. மத்தியானம் மெஸ்ல தட்டோட என் பக்கத்துல வந்து உக்காந்தவன், "ஏலே, இனிமே என் பெட்டியில கைவைக்கறதுக்கு முன்னாடி அந்த அண்ணன்கிட்ட கேட்டுட்டு வா"ன்னான். அப்புறம் என் தட்டுல ஒரு அப்பளத்தை வெச்சான்.

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். அவனுக்கு எஸ்.எம்.பி.எஸ்., எனக்கு ஒரு பி.ஹெச்-2 டிரைவர், கூடவே கைநிறைய புது 6-32 ஸ்க்ரூ. மாட்டும்போது விரலால முடிஞ்ச வரைக்கும் சுத்திட்டு, டிரைவரால கடைசியா ஒரு கால் சுத்து மட்டும். மூடியை யாரும் திருடப்போறது இல்லையே! கடற்கரைப் பக்கம் வீடு இருக்கறவங்க, மாட்டறதுக்கு முன்னாடி மரையில நுனி விரலால துளி கிரீஸ் தடவிக்கங்க. துருவுக்கு உள்ளே இடம் கிடைக்காது.

பழைய ஸ்க்ரூ என் பென் ஸ்டாண்டுல இருக்கு. இதை எழுதிட்டு இருக்கும்போதே கதவைத் தட்டற சத்தம். மூணாவது மாடிப் பையன், கையில ஒரு ஆப்பிள் லேப்டாப். ஸ்க்ரூவுக்கு அஞ்சு மூலை இருக்காம், எந்த டிரைவரும் பொருந்தலையாம். "உன்கிட்ட குட்டி டிரைவர் இருக்குல்ல, அதைவெச்சு ஒரு சுத்து சுத்திப் பாரேன்"ங்கறான்.

இருங்க பாஸ்... லேப் அண்ணா வந்துட்டாரான்னு பாத்துட்டு வந்துடறேன்!